சோத்து மார்க்

தமிழ்நாட்டுப் பெற்றோர் கோயிலுக்குப் போய், "சாமி, என் பிள்ளைக்கு மார்க் கம்மியாப் போடு" என்று சூடம் ஏற்றிக் கும்பிட்ட ஒரே பரீட்சை அதுதான். பிள்ளை படிக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். ஆறாம் வகுப்பில் ஒருநாள் சின்னக் குப்பி ஒன்றில் எச்சில் துப்பினால் போதும். அந்த எச்சிலில் இருக்கும் மரபணுக்களை எந்திரம் வாசித்து, பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஓர் எண் கொடுக்கும். சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் நோய்கள் இருக்கின்றன அல்லவா? உடம்பு எலும்பாகிப் போன பிறகும் குண்டாக இருக்கிறோம் என்று பட்டினி கிடப்பது, இல்லாவிட்டால் நிறுத்த முடியாமல் தின்றுவிட்டு அழுது தீர்ப்பது, அந்த வகை. அவை வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. அரசாங்கம் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்தது. ஜனங்கள் 'சோத்து மார்க்' என்று வைத்தார்கள். எந்தப் பெயர் நின்றது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அறுபதுக்கு மேல் போன பிள்ளைக்குப் பச்சை அட்டை கொடுப்பார்கள். வாரம் ஒரு தனி வகுப்பு உண்டு. பட்டினி மூளையை என்ன செய்யும், எந்த அறிகுறியைக் கண்டால் யாரிடம் ஓட வேண்டும் என்றெல்லாம் படம் போட்டுச் சொல்லித்தருவார்கள். அறுபதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் அந்த நேரத்தில் மைதானத்துக்குப் போய் விளையாடலாம். அவர்களுக்கு எதற்கு அந்தப் பாடம்?

வேலூர் கஸ்பா பகுதியில் பிரியாணி மாஸ்டர் ஏழுமலையின் மகள் தாரகை பதினொன்று வாங்கினாள்.

மாஸ்டர் சும்மா இருப்பாரா? தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். நடுவில் இரட்டைச் சடையோடு தாரகை, கீழே கையைக் கட்டிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியில் ஏழுமலை. 'கஸ்பாவின் தங்கமே! சோத்து மார்க் 11!' என்று மஞ்சள் எழுத்து. அடியில் கல்யாண ஆர்டருக்கான போன் நம்பரையும் மறக்காமல் போட்டிருந்தார். எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "பதினொண்ணுய்யா! என் பொண்ணுக்கு அந்தச் சனியன் கிட்டயே வராது" என்பார்.

"நீயும் ஒருவாட்டி துப்பிப் பாரேன் மாஸ்டர்" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அந்தப் பரீட்சை வருவதற்கு முன்பே பிறந்தவர்கள் விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

"எனக்கு எதுக்குய்யா? பொண்ணே பதினொண்ணுன்னா அப்பன் மைனஸ்ல இருப்பான்" என்பார் ஏழுமலை.

எல்லா அடுப்பும் கரண்டில் ஓட ஆரம்பித்துவிட்ட காலத்தில், விறகு எரிக்கத் தனி அனுமதி வாங்கி வைத்திருந்த நாலைந்து மாஸ்டர்களில் அவர் ஒருவர். ஆயிரம் பேருக்குத் தம் போட்டு இறக்குவார். ஆனால் அவர் உட்கார்ந்து ஒரு தட்டுச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. உப்புப் பார்க்க நாலு அரிசியை நாக்கில் வைப்பதோடு சரி. நாளெல்லாம் டீதான். கேட்டால், "ஆக்குறவனுக்கு வாசனையிலயே வயிறு ரொம்பிடும்" என்பார். அவர் மனைவி கோமளா ஷூ கம்பெனியில் தையல் சூப்பர்வைசர், வாய்க்கு வஞ்சனை இல்லாதவள். "கல்யாணமாகி இத்தினி வருசத்துல இந்த மனுசன் என் எதிர்ல ஒக்காந்து முழுசாச் சாப்பிட்டு நான் பாக்கல. எங்கயாவது சின்ன வீடு கீது வச்சு அங்க சாப்பிடுறாரோ என்னவோ" என்பாள். தெருவே சிரிக்கும். ஏழுமலையும் சேர்ந்து சிரிப்பார்.

பக்கத்து வீட்டு நஸ்ரீனுக்கும் அதே வருஷம்தான் மார்க் வந்தது. எண்பத்தெட்டு. அவள் அம்மா ஷமீம் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. துக்கம் விசாரிக்கிற மாதிரி ஆட்கள் வந்து போனார்கள்.

இரண்டு பெண்களும் சேர்ந்தே வளர்ந்தார்கள், சேர்ந்தே மாநகராட்சி ஜிம்மில் எடை தூக்கினார்கள். வேலூரில் அது புதிதில்லை. இரும்பைக் கண்டால் கை துறுதுறுக்கிற ஊர் அது. பதினேழு வயதில் பாலாறு விளையாட்டு விடுதியிலிருந்து ஆட்கள் வந்து இருவரையும் பார்த்தார்கள். நஸ்ரீன்தான் அதிகம் தூக்கினாள். ஆனாலும் தாரகையைத்தான் எடுத்தார்கள்.

"எடைப்பிரிவு வச்ச விளையாட்டு மாஸ்டர் இது. போட்டிக்கு முன்னாடி உடம்பைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். எண்பத்தெட்டை வச்சுக்கிட்டு அந்த ஆட்டம் ஆட முடியாது, சட்டமே விடாது" என்றார் விடுதிக் கோச் ரகோத்தமன். "உங்க பொண்ணு பதினொண்ணு. பயமே இல்லாம ஒரு பிரிவு கீழ இறக்கலாம். அங்க போட்டி கம்மி. நேஷனல் டீமுக்கே போயிடுவா."

ஏழுமலைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரனைக் கூப்பிட்டு, தாரகை பார்பெல் தூக்குகிற படத்தைப் போட்டுப் புதிதாக அடிக்கச் சொன்னார். '11' மட்டும் முன்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

*

அடுத்த சித்திரையில் தாரகை லீவுக்கு வந்தாள். மாநிலப் போட்டியில் வெள்ளி வாங்கியிருந்தாள். தேசிய அணித் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம். கன்னம் ஒட்டியிருந்தது. வேலூர் வெயிலில் மனிதர்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரிகிற மாதத்தில் அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"ஏசியிலயே இருந்து பழகிட்டா" என்றார் ஏழுமலை.

மகள் வந்த சந்தோஷத்தில் வீட்டு ஆட்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து ஒரு தேக்சாப் பாத்திரம் நிறையப் பிரியாணி போட்டார். தாரகை ஓடி ஓடிப் பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க அத்தை", "கத்திரிக்காய் வரலையா உங்களுக்கு?" என்று ஒவ்வொருவர் தட்டையும் பார்த்துப் பார்த்துப் போட்டாள். தன்னை உட்காரச் சொன்னபோது, "அப்புறம் சாப்பிடுறேன், டயட்டு" என்றாள்.

"கட்டுப்பாடு! பாத்தியா கோமளா? என் பொண்ணு!" என்று மார்தட்டினார் ஏழுமலை.

கோமளா மார்தட்டவில்லை. "பொண்ணு சரியில்லைங்க" என்றாள். "துணி மாத்தும்போது முதுகைப் பாத்தேன். எண்ணிடலாம் போல இருக்குது எலும்பை."

"கோச்சுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? பதினொண்ணுடி அவ."

மறுநாள் காலையில் அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு நஸ்ரீன் வந்து நின்றாள். மாநகராட்சி ஜிம்மில்தான் இன்னும் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அங்கே அவளைப் போல விடுதிகள் கழித்துவிட்ட பெண்கள் நிறையப் பேர். வேளைக்குச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே சட்டம். தராசைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள், போட்டியன்றுதான் திறப்பார்கள்.

"சாச்சா, கோவிச்சுக்காதீங்க. தாரு நல்லா இல்ல."

"டயட்டுமா. தேர்வு வருதுல்ல?"

"டயட்டு இல்ல சாச்சா. எல்லாருக்கும் போட்டுட்டுத் தான் மட்டும் அப்புறம்ங்கிறா. எப்பப் பாரு சாப்பாட்டைப் பத்தியே பேசுறா, ஆனா தொட மாட்டேங்கிறா. இந்த வெயில்ல குளிருதுங்கிறா. இதெல்லாம் எங்களுக்குப் பாடம் சாச்சா. ஏழாங்கிளாஸ்லயே படம் போட்டுக் காட்டுனாங்க. அந்தப் படத்தைப் பாத்து, இது ஒருநாள் நீதான்னு எல்லாரும் என்கிட்ட சொன்னாங்க. நேத்து பாத்தா அது தாரு சாச்சா."

ஏழுமலைக்குச் சுர்ரென்று ஏறியது. "நஸ்ரீனு, உன் மார்க்கைக் கொண்டாந்து என் பொண்ணு தலையில கட்டாத. அவளை எடுத்துட்டு உன்னை விட்டுட்டாங்கன்னு வயித்தெரிச்சல் இருந்தா, அதை உன் வீட்டோட வச்சுக்க."

சொல்லக்கூடாத பேச்சு. நஸ்ரீனின் முகம் சுண்டிப்போனது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். ஏழுமலை விறகை எடுத்து டமார் டமார் என்று அடுக்கினார்.

அந்த வாரமே காட்பாடியில் ஒரு கல்யாணம். சும்மா கூட வருகிறேன் என்று தாரகையும் வந்திருந்தாள். பந்தி நடந்துகொண்டிருந்தபோது சமையற்கூடத்தில் தண்ணீர்க் குடத்தை எடுக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். ஏழுமலை ஓடிப்போய் அள்ளினார். அரிசி மூட்டை தூக்கியே பழகிய கை. மகளைத் தூக்கியபோது கனமே தெரியவில்லை.

முகத்தில் தண்ணீர் தெளித்து, விசிறி, எழுப்பி உட்காரவைத்தார்கள். ஏழுமலை தன் கையாலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் பிரியாணி வைத்து எதிரே உட்கார்ந்தார்.

"ரெண்டு வாய் சாப்பிடு பாப்பா. நைனா சொல்றேன்ல?"

தாரகை கிண்ணத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள். விரல் சோற்றைத் தொடுமுன் நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"பசிக்குது நைனா. சாப்பிடணும்னுதான் இருக்குது. கை வர மாட்டேங்குது. சாப்பிட்டா எல்லாம் போயிடும், எல்லாம் போயிடும்னு உள்ள யாரோ கத்திக்கிட்டே இருக்காங்க."

"சேச்சே, உனக்கு அதெல்லாம் வராதும்மா. நீ பதினொண்ணு."

"அப்ப எனக்கு வந்திருக்கிறது இன்னா நைனா?"

ஏழுமலை கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த எண்ணைச் சொன்ன பிறகு அவருக்கு வாய் கசந்தது.

*

பிறகு நாலு பக்கமும் முட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் திரையைப் பார்த்தார், பதினொன்று என்றதும் சிரித்தார். "ரத்தசோகையா இருக்கும். இந்த மார்க்குக்கு நீங்க பயப்படுறது வராது" என்று மாத்திரை எழுதினார்.

கோச் ரகோத்தமன் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே புரியாமல் விழித்தார். "மாஸ்டர், எண்பத்தெட்டுக்கு நான் பயந்தா நியாயம். பதினொண்ணுக்குப் பயந்தா ஊர் சிரிக்கும். தேர்வு நேரத்துப் படபடப்பு இது. இப்ப வீட்டோட நிறுத்திட்டீங்கன்னா அவ இடம் போயிடும், அப்புறம் கிடைக்காது."

சாப்பாட்டு நோய்க்கென்றே அரசாங்கம் நடத்திய இல்லம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துச் சாப்பிடப் பழக்குவதால் அதற்குப் 'பந்தி வீடு' என்று பேர். ஏழுமலை மகளை அங்கே கூட்டிப்போனார். பச்சை அட்டையைக் காட்டினால்தான் அந்தக் கதவு திறக்கும். கதவிடம் போய் எப்படிக் கெஞ்சுவது? வாசல் காவலாளி பரிதாபமாக, "அறுபதுக்குக் கீழ வாசப்படி ஏற விட மாட்டாங்க சார். கொடுத்து வச்சவங்க நீங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட தன் மூஞ்சியைப் பார்க்கவே அவருக்குச் சகிக்கவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். நஸ்ரீன்தான் திறந்தாள்.

"நான் பேசுனது தப்பும்மா. நாக்கை அறுத்துப் போடணும். என் பொண்ணு செத்துடுவா போல இருக்குது. எனக்கு வேற வழி தெரியல."

நஸ்ரீன் கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க சாச்சா" என்றாள். தன் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து வைத்தாள். "வாங்குனதுல இருந்து ஒருவாட்டிகூட இதை வச்சு அந்தக் கதவைத் திறந்ததில்ல. எனக்குத் தேவைப்படல. ஆனா இதுல ஒரு வசதி இருக்குது. அட்டைக்காரங்க தனியாச் சாப்பிடக்கூடாதுன்னு, கூட ஒரு துணையைக் கூட்டிட்டுப் போகலாம். துணைக்கு மார்க் கேக்க மாட்டாங்க."

"நீ நோயாளின்னு சொல்லிக்கினு போவியா? ஊர்ல என்ன பேசுவாங்கன்னு..."

"ஆறாங்கிளாஸ்ல இருந்து அதைத்தானே சாச்சா பேசுறாங்க" என்று நஸ்ரீன் சிரித்தாள். "இப்பவாவது பிரயோஜனமா பேசட்டும்."

தாரகை விடுதிக்குத் திரும்பிப் போகவில்லை. தேர்வு வந்தது, போனது. அவள் இடத்தில் வேறொரு பெண் போனாள்.

*

பந்தி வீட்டு டாக்டர் பத்மாசினி, நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட, சுருக்கமாகப் பேசுகிற அம்மாள். நஸ்ரீனையும் தாரகையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்த ஏழுமலையைப் பார்த்தார்.

"துணைக்கு வந்திருக்கிறது உங்க பொண்ணா? மார்க் என்ன?"

"பதினொண்ணு மேடம்" என்றார் ஏழுமலை, குற்றவாளி மாதிரி.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காருங்க. சட்டப்படி நஸ்ரீன் இலையைத் துணை பாத்துக்கணும். துணையோட இலையை நான் பாத்துக்குறேன்."

பெண்கள் உள்ளே போன பிறகு ஏழுமலை அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "அப்ப அந்த மார்க்கே பொய்யா மேடம்? எம்மாம் பெரிய ஃப்ளெக்ஸ் வச்சேன்!"

"பொய் இல்ல மாஸ்டர். எண்பத்தெட்டு வாங்குன ஆயிரம் பேரையும் பதினொண்ணு வாங்குன ஆயிரம் பேரையும் எதிரெதிரா நிக்க வச்சா, அந்தப் பக்கம்தான் நெறைய பேருக்கு வரும். ஆனா அது கூட்டத்துக்கான கணக்கு. ஒருத்தியைத் தனியாக் கூப்பிட்டு 'உனக்கு வராது போ'ன்னு அது எப்பவும் சொன்னதில்ல. நாமதான் அப்படிப் படிச்சுக்கிட்டோம். பிறக்கும்போது கொண்டு வர்றது கொஞ்சம். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு நடக்கிறது மிச்சம். வயித்தைக் காயப்போட்டு, தராசுல ஏத்தி இறக்கி, இன்னும் குறை இன்னும் குறைன்னு நச்சரிச்சா..."

ஏழுமலைக்குத் தன் அடுப்பு ஞாபகம் வந்தது. "விறகு மாதிரின்னு சொல்லுங்க. காஞ்சது சட்டுனு புடிச்சுக்கும்னு அடுப்பாண்ட வைக்க மாட்டோம். ஈர விறகுதானேன்னு தைரியமா அடுப்பை ஒட்டியே போட்டு வப்போம். விடாம சூடு பட்டா அதுவும் புடிச்சுக்கும். புடிச்சப்புறம் ரெண்டும் ஒரே தீதான்."

"அதேதான். காஞ்ச விறகுக்கு ஊரே காவல் நின்னுச்சு. ஈர விறகை அடுப்புலயே சொருகிட்டோம்." டாக்டர் கண்ணாடிச் சன்னலைக் காட்டினார். "இப்படி வந்து பந்தியைப் பாருங்க."

உள்ளே நீள வரிசையில் ஜோடி ஜோடியாகப் பெண்கள், இரண்டு மூன்று பையன்கள். ஜோடிக்கு ஒருவர் கழுத்தில் பச்சை அட்டை. ஏழுமலை ஆயிரம் பந்தி பார்த்தவர். யார் சாப்பிடுகிறார்கள், யார் அளைகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? பார்த்துக்கொண்டே வந்தவர் திகைத்து நின்றார். பல ஜோடிகளில் பச்சை அட்டை போட்டவர்கள் கதை பேசிக்கொண்டு சாதாரணமாகச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த துணையின் கைதான் சோற்றை அளைந்துகொண்டே இருந்தது.

"பாதி ஜோடி இப்படித்தான்" என்றார் டாக்டர். "துணைன்னு வர்றவங்கதான் என் நோயாளிங்க."

"மேல இருக்கிறவங்களுக்கு இது தெரியாதா?"

"நான் கத்திக்கிட்டேதான் இருக்கேன். எங்க, ஒரு ஆளைக் காட்டுங்கிறாங்க. மார்க் குறைஞ்ச ஒருத்தராவது வெளிய வந்து எனக்கு வந்துச்சுன்னு சொல்லணுமே? யாரும் சொல்றதில்ல. அவங்களுக்கு அந்த மார்க் பெருமை."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலமே ஏணி போட்டு ஃப்ளெக்ஸைக் கழற்றினார். கிழித்துப் போட மனசு வரவில்லை, மகள் படம் இருக்கிறதே. விறகுக் குவியல் நனையாமல் இருக்க அதன்மேல் கவிழ்த்துப் போர்த்திவிட்டார்.

*

தாரகைக்கு ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் பொய்யன். நல்ல நாளும் இருந்தது, இலையைத் தள்ளிவிட்டு ஓடிய நாளும் இருந்தது. நஸ்ரீன் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. "எழுந்திருடி, நான்தான் நோயாளி, எனக்குப் பசிக்குது" என்று அதட்டி அழைத்துப்போவாள். மெல்ல மெல்லத் தாரகையின் கன்னம் நிரம்பியது. ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. மறுவருஷம் மாநகராட்சி ஜிம்மில், துணி மூடிய தராசுக்குப் பக்கத்தில், மறுபடி இரும்பைத் தொட்டாள்.

டாக்டர் தலையசைத்த பிறகுதான் மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்தாள். இந்தமுறை உடம்பை இறக்காமல், அது எந்தப் பிரிவில் இருந்ததோ அந்தப் பிரிவில். அந்தக் காலத்துப் போட்டிகளில் அறிவிப்பாளர்கள் பெயர், ஊரோடு மார்க்கையும் சேர்த்துப் படிப்பார்கள்.

"அடுத்து, வேலூர் கஸ்பா தாரகை ஏழுமலை! சோத்து மார்க் பதினொண்ணு!"

அரங்கம் கைதட்டியது. தாரகை பார்பெல்லுக்குப் போகாமல் அறிவிப்பாளரிடம் போய் மைக்கை வாங்கினாள்.

"பதினொண்ணு சரிதான்" என்றாள். குரல் முதலில் தடுமாறியது. "அந்த நோயும் எனக்கு வந்துச்சு. ஒரு வருசமா வைத்தியம் பாக்குறேன். அதோ நிக்கிறாளே நஸ்ரீன், அவ மார்க் எண்பத்தெட்டு. அவளுக்கு ஒண்ணும் வரல, ஏன்னா அவளை எல்லாரும் பாத்துக்கிட்டாங்க. என்னை யாரும் பாக்கல. நானும் என்னைப் பாக்கல. இந்த அரங்கத்துல என்னை மாதிரி இன்னும் யாராவது இருந்தா, மார்க்கைப் பாத்து ஏமாந்துடாதீங்க. எங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க."

யாரும் கைதட்டவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள், கைக்குச் சுண்ணப்பொடி தடவினாள், குனிந்து மூச்சை இழுத்துத் தூக்கினாள். தலைக்கு மேல் அவள் கை பிசகாமல் நின்றது. தூக்கியது செல்லும் என்று மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஏழுமலை பெஞ்சின்மேல் ஏறி நின்று, "எம்பொண்ணு! அது எம்பொண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பதினொன்று வாங்கியபோதுகூட அவருக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. கோமளா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்து, முடியாமல் தானும் பெஞ்சில் ஏறிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கதவு தட்டப்பட்டது. வாசலில் பாலாறு விடுதியின் நீலச் சட்டை போட்ட ஒரு பெண். பெயர் இசையரசி. மார்க் ஒன்பது. பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி கோச் ரகோத்தமன்.

"நான்தான் கூட்டியாந்தேன் மாஸ்டர்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "இவளுக்கும் அதேதான். எங்கிட்ட சொன்னப்ப நான் நம்பல. ஜிம்முல விசாரிச்சேன். துணையாப் போக ஒரு இடம் கிடைக்குமா?"

நஸ்ரீனும் தாரகையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர் அட்டைக்கு ஒரு துணைதான். தாரகைக்கே இன்னும் கொஞ்சகாலம் அந்த இடம் வேண்டும். ஜிம்மில் அட்டை வைத்திருந்த மற்றப் பெண்கள் ஏற்கெனவே ஆளுக்கொரு துணையோடு போய்க்கொண்டிருந்தார்கள். இசையரசி வாசற்படியிலேயே நின்றாள். உட்காரச் சொன்னால், "பரவாயில்ல" என்றாள். அவளும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

ஏழுமலை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். "எங்க போறீங்க?" என்றாள் கோமளா. "துப்பப் போறேன்" என்றார்.

பரிசோதனை நிலையத்து ஊழியருக்கு அவரைத் தெரியும். அந்த ஊழியரின் கல்யாணத்துக்கே மாஸ்டர் பிரியாணிதான். முடிவைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "மாஸ்டர், மனசைத் தேத்திக்கோங்க. தொண்ணூத்தியொண்ணு வந்திருக்கு."

"எவ்ளோ?"

"தொண்ணூத்தியொண்ணு."

"அடி சக்கை!" என்று ஏழுமலை மேசையில் ஓர் அடி அடித்தார். "பச்சை அட்டை உண்டுல்ல? எடு, எடுய்யா சீக்கிரம்!"

வழியெல்லாம் கஸ்பாக் கடைகளில் அட்டையைக் காட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், கோமளாவைத் தவிர. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதான் இத்தினி வருசமா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்ன வீட்டுக் கிண்டல் அத்தனையும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஏழுமலையின் சிரிப்பும் கொஞ்சம் இறங்கியது. "விடு கோமளா. வாசனையில வயிறு ரொம்பும்னு நானே நம்பிட்டேன்" என்றார்.

மறுநாள் தெருமுனையில் புது ஃப்ளெக்ஸ். அதே கறுப்புக் கண்ணாடி, அதே கட்டிய கை. 'பிரியாணி மாஸ்டர் ஏழுமலை. சோத்து மார்க் 91! துணைக்கு ஆள் தேவை. மார்க் குறைஞ்ச பிள்ளைகள் கூச்சப்படாமல் வரவும்.' அடியில் அதே போன் நம்பர்.

அந்த வாரமே பந்தி வீட்டில் ஏழுமலை பச்சை அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இசையரசி. எதிர் வரிசையில் நஸ்ரீன், தாரகை. இலையில் சோறும் சாம்பாரும் விழுந்தன. ஏழுமலை இசையரசியின் இலையைப் பார்த்து, "சாப்பிடும்மா" என்றார்.

"நான் துணைதானே அங்கிள்? சட்டப்படி நான்தான் உங்களைப் பாத்துக்கணும்" என்றாள் அவள் மெல்லிய குரலில். "நீங்க எடுங்க, நானும் எடுக்குறேன்."

ஏழுமலை சோற்றைப் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள். கையை நீட்டினார். விரல் சோற்றைத் தொடுமுன் நின்றுவிட்டது. ஆயிரம் பேருக்கு அள்ளிப்போட்ட கை அது. காட்பாடியில் மகளின் விரல் நின்ற மாதிரியே நின்றது. அவருக்குக் கண் கலங்கிப்போனது. தலை நிமிர்ந்தபோது தாரகை எதிரிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா நைனா. அவசரமே இல்ல. முதல் வாய்தான் கஷ்டம்."

பிசைந்தார். ஒரு வாய் எடுத்தார். மென்று விழுங்கினார். பக்கத்தில் இசையரசியின் கை இலைக்குப் போயிற்று.

தாரகை தன் மறுபக்கத்து இலையில் இருந்த பெண்ணின் பக்கம் சாய்ந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்: "அதோ சாப்பிடுறார் பாரு, அது எங்க நைனா. தொண்ணூத்தியொண்ணு!"